மூன்று தடுப்பு எவர்சில்வர் தட்டு: அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வீட்டில் எவ்வளவு உதவும்?

பாத்திரக் கடைகளில் மெஸ் தட்டு, மீல்ஸ் தட்டு என்று பல பெயரில் விற்கிற, தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தட்டுதான். எங்கள் வீட்டில் இதை அக்காவுக்காக வாங்கினோம். அக்காவுக்கு டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாட்டோடு பிறவியிலேயே வருகிற நிலை; வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாங்கள் தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தட்டுகள், வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதில் சோறு போட எங்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம்தான் இது ஞாபகத்துக்கு வந்தது. சில மாதங்களாகத் தினமும் புழங்குகிறோம், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எடை சீக்கிரம் ஏறும். தைராய்டு குறைவாகச் சுரப்பது அவர்களிடம் அதிகம் காணப்படும், வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கிற சக்தியும் மற்றவர்களைவிடக் குறைவு, தசைகள் தளர்வாக இருக்கும், மலச்சிக்கல் வேறு. ஆட்டிசம் உள்ள சிலருக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாதிரி மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிடும். இது தெரியாத சொந்தக்காரர்கள் "பாவம், அவளுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு, சாப்பிடட்டும் விடு" என்று இன்னொரு ஜாங்கிரியை வைப்பார்கள். தெரிந்தவர்கள் "போதும், எந்திரி" என்று தட்டை எடுத்துவிடுவார்கள். இந்த இரண்டு கூட்டமுமே அக்காவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காது. எனக்கு இருக்கும் கோபம் அதுதான், இந்தத் தட்டை நான் எடை போடுவதும் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: அக்கா தானே முடிவெடுக்க இது இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் சாப்பாட்டைத் தட்டாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். 2000 கலோரிக்குக் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, மாமிசம் எல்லாம் சேர்த்து 85 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம். நல்ல வழிகாட்டிதான், ஆனால் படிக்கத் தெரியாத, கிராம் கணக்கு புரியாத ஒருவருக்கு அது சுவரில் தொங்கும் படம், அவ்வளவுதான். அதையே நாங்கள் தட்டுக்கு மாற்றிக்கொண்டோம்: பெரிய அறைக்கு ஒரு கிண்ணம் சோறு, அதற்கென்றே ஒரு கிண்ணம் சமையலறையில் இருக்கிறது, சின்ன அறை இரண்டுக்கும் காய். அக்கா தானே போட்டுக்கொள்வாள். சாதாரண தட்டில் பொரியல் இல்லாவிட்டால் இல்லை என்றே தெரியாது, சோறு பரவி இடத்தை நிரப்பிவிடும். இதில் ஒரு அறை காலியாக இருந்தால் பளிச்சென்று தெரிகிறது. அக்கா அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து "இங்க?" என்று கேட்பாள். காய் போடு, காய் சாப்பிடு என்று வருடக்கணக்கில் நச்சரித்தும் நடக்காதது அந்த ஒரு காலி அறையால் நடந்தது.

ஆனால் தட்டை மட்டும் வாங்கி வைத்தால் போதாது, கேட்கிற விதம் சரியாக இருக்க வேண்டும். "பீன்ஸ் வேணுமா அவரைக்காய் வேணுமா?" என்று வாயால் கேட்டால் அக்கா "அவரைக்காய்" என்பாள். திருப்பிப் போட்டு "அவரைக்காயா பீன்ஸா?" என்று கேட்டால் "பீன்ஸ்". கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்வதும், எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதும் அறிவுசார் குறைபாடு உள்ள பலரிடம் உண்டு, அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு சமைத்தால் அது நம் விருப்பம்தான், அவர்களுடையது இல்லை. அதனால் இரண்டு காயையும் கையில் எடுத்துக் காட்ட வேண்டும், அடுத்த முறை இடது வலது மாற்றிக் காட்டிப் பார்க்க வேண்டும், பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், நடுவில் நாம் பேசிவிடக் கூடாது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் வீட்டுச் சமையலையே போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறோம். கடையில் கிடைக்கும் சார்ட்டில் இருக்கும் பிராக்கோலியும் ஸ்ட்ராபெரியும் அக்காவுக்கு யாரோ வீட்டுச் சாப்பாடு, அம்மா கடாயில் இருக்கும் புடலங்காய்க் கூட்டு அவளுக்குத் தெரியும். இன்னொன்று, அவளுக்குப் பிடிக்காத இரண்டை நீட்டி இதில் ஒன்றை எடு என்றால் அதற்குப் பேர் தேர்வு இல்லை. பாகற்காயும் கோவைக்காயும் வைத்துக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு வாழைக்காய் பஜ்ஜி வேண்டும். சாப்பிடுகிறாள். நான் பஜ்ஜி சாப்பிட யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, அவள் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இனி தட்டின் குறைகள். தடுப்பின் உயரம் போதாது. ரசம் ஊற்றினால் அடுத்த அறைக்குள் போய்விடும், அவரைக்காய் ரசத்தில் மிதந்ததைப் பார்த்து அக்கா சாப்பிட மறுத்த நாட்கள் உண்டு, ஒன்றோடொன்று கலந்தால் சிலருக்கு அறவே பிடிக்காது. ரசம், சாம்பாருக்குத் தனிக் கிண்ணம் வைத்துவிட்டோம். ஐந்து தடுப்பு உள்ளதை வாங்காதீர்கள், ஒவ்வொரு அறையும் சின்னது, சோற்றைப் பிசைய இடமே இருக்காது. தோசைக்கு இந்தத் தட்டு சுத்தமாக உதவாது, தடுப்பின் மேல் ஏறிக்கொண்டு நிற்கும். சப்பாத்திக்கும் அப்படியே. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அடிப்பக்கம் சுடும், தூக்கிக்கொண்டு போகிறவர் கவனமாக இருக்க வேண்டும். கழுவும்போது மூலையில் பருக்கை ஒட்டும், அது பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் பளபளப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குப் பார்வைக் கோளாறு இருக்கும், வெளிர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாகத் தெரியாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் மின்னுகிற எவர்சில்வரில் தயிர்சாதம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, ஓரத்தில் இருப்பதை அக்கா அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். மேட் ஃபினிஷ் உள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கண் பிரச்சினை அதிகம் உள்ளவர்களுக்கு அடர்நீல மெலமைன் தட்டு நல்லது, சோறு தெளிவாகத் தெரியும், ஆனால் லேசாக இருப்பதால் பிசையும்போது நகரும். எவர்சில்வர் கனமாக உட்கார்ந்திருக்கும், விரலில் பலம் குறைவானவர்களுக்கு அது பெரிய உதவி. அறையின் சுவரில் தள்ளி அள்ளவும் வசதி.

வீட்டுக்கு வெளியே இந்தத் தட்டு கூட வராது, தட்டில் பழகியதும் தானாகக் கூட வந்துவிடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஓரிடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போக, அங்கேயும் ஒருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் இலை போட்டதும் அக்கா குழம்பிப் போனாள். இலையின் நடு நரம்பைக் காட்டி, மேல் பாதி காய்க்கு, கீழ் பாதி சோற்றுக்கு என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். இலையில் பரிமாறும் முறையும் அதுதானே, சொல்லிக்கொடுக்க எளிதாக இருந்தது. கஷ்டம் இலை இல்லை, பந்தி பரிமாறுகிறவர்கள்தான். அக்கா இலைக்கு மேல் கையை நீட்டிப் "போதும்" என்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, என் முகத்தைப் பார்த்து "வைக்கவா?" என்று கேட்கிறார்கள். அவளைக் கேளுங்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அவள் பகலில் போகும் பயிற்சி மையத்திலும் இதே போராட்டம். ஒரு வேலையை முடித்தால் ஒரு கிரீம் பிஸ்கட், அழாமல் இருந்தால் ஒரு சாக்லேட். நாள் முழுக்க இனிப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டு எடை ஏறிவிட்டது என்று எங்களுக்கே குறிப்பு எழுதி அனுப்பினார்கள். ஸ்டிக்கர், பிடித்த பாட்டு, டீச்சரோடு ஒரு நடை என்று மாற்றச் சொல்லிப் பேசியிருக்கிறோம், கொஞ்சம் மாறியிருக்கிறது.

குடிக்கிற விஷயத்தில் இந்தத் தட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். கலர் பானங்களில் பெரும்பாலும் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், அந்தக் கணக்கு லேபிளில் பொடி எழுத்தில் கிடக்கிறது. நாங்கள் பாட்டில் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, அதில் இருக்கும் சர்க்கரையை டீஸ்பூனால் போட்டுக் காட்டினோம், அக்காவே போட்டாள். டம்ளரில் சர்க்கரை ஏற ஏற அவள் முகம் மாறியது. அதற்காகக் கேட்பதை நிறுத்திவிடவில்லை. சின்ன டம்ளரில் கேட்கிறாள், சில நாள் மோர் கேட்கிறாள்.

யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற அரிய பிறவி நிலை உள்ளவர்களுக்குச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்காது, அது மூளையில் உள்ள கோளாறு, அங்கே தட்டையும் படத்தையும் நம்பி இருக்க முடியாது, சாப்பாட்டைப் பூட்டி வைப்பது வரைக்கும் டாக்டரோடு பேசித்தான் திட்டம் போட வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எந்தப் பதத்தில் கொடுப்பது என்று ஸ்பீச் தெரபிஸ்டைக் கேட்டுவிட்டுத்தான் காயை அறுக்கவே வேண்டும். மற்றபடி தானே எடுத்துச் சாப்பிடக்கூடிய யாருக்கும் தாராளமாக வாங்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவரும் இதே மாதிரி ஒன்றில்தான் சாப்பிடுகிறார், அதனால் அக்காவுக்கு மட்டும் தனித் தட்டு என்ற பேச்சும் வீட்டில் எழவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஆன்லைனில் ஆழம் தெரியாது, பாத்திரக் கடைக்கே போங்கள், சாப்பிடப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விளிம்பு மடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், பெரிய அறைக்குள் கை வைத்துப் பிசைகிற மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் உங்களிடம்தான் விலை சொல்வார். காசைச் சாப்பிடப் போகிறவர் கையில் கொடுத்து அவரையே வாங்கச் சொல்லுங்கள்.