முதல் லார்ப் ஆட்டத்துக்கு என்ன உடுத்தலாம்: ரெடிமேடா, பெட்ஷீட்டா, வேட்டியா?

டர்பனில் லார்ப் ஆட ஆசைப்படும் நம் பிள்ளைகள் பலர் உடைக்குப் பயந்தே தயங்குகிறார்கள். ஒரு பாத்திரமாகவே மாறி, மைதானத்திலோ மரக்கூட்டத்திலோ நாள் முழுக்கப் பேசி, ஓடி, ஃபோம் வாளால் மோதும் ஆட்டம் இது. மேடை வேடம் ஒரு மணி நேரம் தாங்கினால் போதும். இந்த உடையோடு சாப்பிட வேண்டும், புல்லில் உட்கார வேண்டும், வியர்க்க வேண்டும். சில நாளில், கொஞ்சம் ராண்டில் முடிக்க நான்கு வழிகள் உண்டு. என் ஓட்டு பழைய காட்டன் பெட்ஷீட்டுக்கு.

இணையத்தில் விற்கும் ரெடிமேட் வேட உடையை முதலிலேயே தள்ளிவிடலாம். மலிவானவை பெரும்பாலும் பளபளக்கும் மெல்லிய பாலியெஸ்டர். முள்ளில் மாட்டினால் கிழியும், டர்பன் கோடைப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும்.

பழைய துணிக் கடைகள் அதைவிட எவ்வளவோ மேல். அகலமான தோல் பெல்ட், கையில்லாத மேற்சட்டை, பூட்ஸ் எல்லாம் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் அளவுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஜிப்பும் பளிச்சென்ற பட்டனும் வேடத்தைக் காட்டிக்கொடுக்கும்; அவற்றைப் பிரித்தெடுத்து, நாடா வைத்துக் கட்டுங்கள்.

இனி பெட்ஷீட். ஒற்றைக் கட்டில் விரிப்பு ஒன்றில் பெரியவருக்கு முழங்கால் வரை ஒரு அங்கி வரும். தோளிலிருந்து முழங்கால் வரையுள்ள நீளத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்து, பாதியாக மடியுங்கள். மடிப்பு தோளில் வரட்டும். உங்கள் தொளதொள டீ-ஷர்ட் ஒன்றை மேலே வைத்து, மடிப்பை வெட்டாமல், பக்கங்களில் நான்கு விரல் தள்ளி, 'டி' எழுத்து வடிவில் வெட்டுங்கள். கழுத்தை மட்டும் சிறிதாக வெட்டி, தலை நுழையும்வரை முன்பக்கம் கீறிக்கொண்டே போங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் திரும்ப வழியில்லை. பக்கவாட்டில் கையாலேயே தைக்கலாம். ஓடுவதற்கு வசதியாகத் தொடையிலிருந்து கீழே இருபுறமும் திறந்துவிடுங்கள்.

வெள்ளை விரிப்பு என்றால் கடுந்தேநீரில் ஊறவையுங்கள். ரூய்போஸ் மூலிகைத் தேநீர் போட்டாலும் சரி. பருத்தி பழுப்பேறிப் பழைய துணிபோல் ஆகிவிடும். பாலியெஸ்டரில் சாயம் சரியாகப் பிடிக்காது. எது எதுவென்று தெரியாவிட்டால் நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். அங்கியின் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டியதும் விரிப்பு என்ற நினைப்பே போய்விடும்.

வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டுவது நான்கில் மிக விரைவானது. வெட்டும் இல்லை, தைத்து உருவாக்கும் வேலையும் இல்லை, காலும் தாராளமாக வீசும். ஆனால் மோதலில் அவிழும். சேஃப்டி பின் திறந்துகொண்டு எதிராளியைக் குத்தலாம் என்பதால், முடிச்சுப் போட்டு நாலு தையலும் போடுங்கள். வீட்டில் நல்ல வேட்டி இருந்தால், இரண்டாவது இடம் இதற்குத்தான். காவடிக்கு உடுத்திய மஞ்சள் துணியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் விற்கும் ஜூலு மணி வேலைப்பாட்டையும் 'காட்டுவாசி' வேடத்துக்கு மாட்டிக்கொள்ள வேண்டாம். அந்த மணிகளின் நிறத்துக்கும் வடிவத்துக்கும் அவர்களிடம் பொருள் உண்டு.

இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று அழைக்கப்படும் நம் தெருக்கூத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ராஜா தூரத்திலேயே ராஜாவாகத் தெரிவது கிரீடத்தாலும் தோள் அணியாலும்தான். ஆகவே மிச்சமிருக்கும் காசைத் தலையிலும் தோளிலும் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாய் ஒன்றை வெட்டி வண்ணம் அடித்தால் தோள்கவசம் ஆகிவிடும்.

மேலே போர்த்திக்கொள்ள ஃப்ளீஸ் போர்வை சுலபம். விளிம்பு பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை இல்லை. ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். இரவில் நெருப்பு மூட்டும் ஆட்டம் என்றால் கம்பளிப் போர்வைதான். கம்பளி எளிதில் தீப்பற்றாது. விலை கூடுதல்தான், அதனால் வீட்டில் பழையது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காலுக்கு வழக்கமான ஓட்டக் காலணியே நல்லது, சறுக்காது. விரிப்பில் மிஞ்சிய துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, காலணியின் மேலிருந்தே தொடங்கி முழங்கால் வரை இறுக்கிச் சுற்றினால் காலணியின் மேல்பாதி மறைந்துவிடும்.