மணற்கல்: சுண்ணாம்புப் பிணைப்பா, சிலிக்காப் பிணைப்பா?

முற்றத்துக்கு மணற்கல் வாங்குவோர் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மணலை ஒட்டவைத்த பசையை. புதிதாகப் படிந்த மணலில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். மேல் வண்டலின் எடையில் மணல் மணிகள் நெருங்கும். மீதி இடைவெளியில் நிலத்தடி நீர் கொண்டுவரும் தாது படிந்து இறுகும். அதுதான் பசை. இங்கே ஒப்பிடுவது இரண்டு: கால்சைட் (சுண்ணாம்புத் தாது), சிலிக்கா (குவார்ட்ஸ் எனும் படிகத் தாது).

உருவாக்கம்
கால்சைட்: ஆழம் தேவையில்லை. ராமேஸ்வரத்தில் காணும் கடற்கரைப் பாறை வகை, அலை ஏறியிறங்கும் இடத்திலேயே சில பத்தாண்டுகளில்கூட இறுகும்.
சிலிக்கா: பெரும்பாலும் 2 கி.மீ.க்குக் கீழே, 70–80 டிகிரி செல்சியஸில்தான் வேகம் பிடிக்கும். பழைய குவார்ட்ஸ் மணி மீதே புது குவார்ட்ஸ் வளர்ந்து கோத்துக்கொள்ளும். உடைத்துப் பாருங்கள்: முறிவு மணிகளையே பிளந்து போகும். கால்சைட் கல்லில் அது மணிகளைச் சுற்றிப் போகும்.

கடினம் (1 முதல் 10 வரையான மோஸ் அளவுகோலில்): கால்சைட் 3, சிலிக்கா 7.

செதுக்க: கால்சைட் எளிது, சிலிக்கா உளியைத் தின்றுவிடும்.

சோதனை: 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரைத்தால் கால்சைட். நுரைக்காவிட்டால் சிலிக்கா என்று முடிவுகட்டாதீர்கள். பசை டோலமைட்டாகவும் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தாது) இருக்கலாம்; அது பொடித்தால்தான் நுரைக்கும். துண்டை ஒரு இரவு நீரில் ஊறவையுங்கள்; ஓரம் குழைந்தால் களிமண் பிணைப்பு. அதை வாங்கவே வேண்டாம்.

மழை படும் முற்றம், படிக்கட்டு என்றால் சிலிக்கா. உள்சுவர், சிற்ப வேலைக்குக் கால்சைட் போதும். ஆனால் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தால் கழுவினால் பசை கரைந்து மணல் உதிரும்.