ஏணிப்படியா, அரும்பு மொட்டு மலரா?

தொடக்கப்பள்ளியில் செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும் என்ற இரண்டு கற்பித்தல் முறைகளையும் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். 2007இல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பாடம் ஏணிப்படி போலப் படிப்படியாக இருக்கும்; பிள்ளை தன் படிக்குரிய பாட அட்டையைத் தானே எடுத்துவந்து, பாயில் உட்கார்ந்து படித்து, சுவரின் கீழ்ப்பகுதியில் தனக்கென்று இருக்கும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் முப்பது பேர் முப்பது படியில் நின்றால் ஒரே டீச்சர் எத்தனை பேரைப் பார்ப்பது?

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் அந்தச் சுமையைக் குறைத்தது. பிள்ளைகளின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே பிரிவு, பாட்டும் கதையும் எல்லோருக்கும் சேர்த்து. சரி, ஆனால் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் நேரம் பிள்ளைகளிடமிருந்துதான் போகிறது. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு நான் இன்னமும் அட்டைகளைத்தான் எடுக்கிறேன்.