புத்தக வெளியீடு: ஒரே நண்பரா, கட்டணத்துக்கு ஆளா, பல நண்பர்களா?

அச்சகத்திலிருந்து பிரதிகள் வந்துவிட்டன, அரங்கும் உறுதியாகிவிட்டது. இனி வெளியீட்டு விழா மாலையில் யார் எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதியவரே பார்த்துக்கொள்ளும் வழியை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாசலில் வரவேற்று, மைக்கைச் சரிபார்த்து, சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு மேடையேறுகிறவரின் குரலில் களைப்புதான் ஒலிக்கும். மீதி மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒரே நண்பரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பது எளிது. எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். ஆனால் அவருக்கு அன்று உடல்நலமில்லை என்றால் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை நான் நேரில் பார்த்தேன். ஒரு நாவலின் முதல் வரைவை வரி வரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்த தோழி, அதன் வெளியீட்டன்று விற்பனை மேசையை விட்டு நகரவே முடியவில்லை. உள்ளே அவருக்குப் பிடித்த அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கட்டணம் கொடுத்து ஆள் வைப்பது இரண்டாவது வழி. ஒலியமைப்பு, நாற்காலி அடுக்குதல், இறுதியில் கூட்டிப் பெருக்குதல் ஆகியவற்றுக்கு இதுவே சரி. வேலையில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லலாம், நட்பு கசக்காது. அதோடு அவர்கள் எல்லை முடிகிறது. கூட்டத்தின் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவர் எழுத்தாளரின் பழைய ஆசிரியர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் தேர்வு மூன்றாவது: பல நண்பர்கள், ஆளுக்கொரு சிறிய வேலை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. "முடிந்ததைச் செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வேலை மட்டும் நடக்காது. "ஐந்தரை முதல் ஆறரை வரை வாசலில் நிற்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் முடியாதவரும் மனக்கசப்பின்றி மறுக்க முடியும். பெயர், வேலை, நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்து வரிசைக்குத்தான் நண்பர்கள் மிகவும் தேவைப்படுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். வரிசையில் நிற்பவரின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைக்க ஒரு நண்பர் இருந்தால் எழுத்துப்பிழை நேராது. நன்கு தெரிந்தவரின் பெயர் சட்டென்று மறந்துபோகும் சங்கடமும் எழுத்தாளருக்கு வராது. அருகில் நின்று கையெழுத்துப் போடும் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொருவர் இருந்தால் வரிசை வேகமாக நகரும்.

பணத்தைக் கையாள இருவர் வேண்டும். ஒருவர் வாங்கட்டும், மற்றவர் புத்தகம் கொடுக்கட்டும். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பிரதிகளை இருவரும் சேர்ந்து எண்ணினால் பிறகு யார் மீதும் சந்தேகம் விழாது. தொகுத்து வழங்க, மேடைப் பேச்சில் வல்லவரை விடப் புத்தகத்தை முழுதும் படித்தவரையே நான் அழைப்பேன். அவர் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. புகைப்படம் எடுப்பவரிடம் யார் யார் படத்தில் வர வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும்.

அந்தத் தாளில் எழுத்தாளர் வாசிக்கும் நேரத்துக்கு எதிரே ஒருவர் பெயரும் இருக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் விற்பனை மேசையை மூடிவிட்டு, பணப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு, உதவிக்கு வந்த அத்தனை பேரும் உள்ளே வந்து உட்கார வேண்டும், முன்வரிசையில்.