வீடு தேடி வரும் மாத்திரையா, மக்கள் மருந்தகமா?

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிற வீட்டில் மாத்திரைச் செலவு வாடகை மாதிரி, மாதம் தவறாமல் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் அதைக் குறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார். காசு கிடையாது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன். ஆனால் அரசு இருப்பில் உள்ள மாத்திரைதான் கிடைக்கும். தனியார் டாக்டர் எழுதிய புது மருந்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, மத்திய அரசின் மக்கள் மருந்தகம். காசு கொடுக்க வேண்டும். ஆனாலும் பிராண்டு விலையைவிடப் பெரும்பாலும் 50 முதல் 90 சதவீதம் குறைவு. வருமானச் சான்று தேவையில்லை, டாக்டர் சீட்டு போதும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சீட்டில் பிராண்டு பெயர் இருக்கும், கடையில் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) இருக்கும். பழைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சுகர் மாத்திரை என்றால் பொடி எழுத்தில் 'மெட்ஃபார்மின் 500 மி.கி.' என்று இருக்கும். அதைக் காட்டிக் கேளுங்கள். மாநில அரசும் 2025 பிப்ரவரியில் இதே பாணியில் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

வெறும் சுகர், பிரஷர் மட்டும் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். இதயம், தைராய்டு என்று தனியாரிடம் பார்ப்பவர்களுக்கு மருந்தகமே சரி. மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.