நாற்பதடிப் பெட்டி: பதினெட்டு வருடம் சரக்கு ஏற்றியவனின் மதிப்புரை

கன்டெய்னர் வந்து நின்றதும் நான் செய்கிற முதல் வேலை, உள்ளே ஏறிக்கொண்டு இரண்டு கதவையும் வெளியிலிருந்து சாத்தச் சொல்வதுதான். கும்மிருட்டு. கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் கூரை, இரண்டு பக்கச் சுவர், கடைசியாகத் தரையோரம் என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே வருவேன். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். வெளிச்சம் வருகிற வழியில் கடல்தண்ணீரும் வரும். "என்னண்ணே, எங்கயாச்சும் தெரியுதா?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து லோடிங் தம்பி குரல் கொடுப்பான். "ஒண்ணுமில்ல, திற" என்று நான் சொன்ன பிறகுதான் ஸ்டஃபிங், அதாவது பெட்டிக்குள் சரக்கு அடுக்குகிற வேலை, ஆரம்பிக்கும்.

பம்புகளும் உதிரிபாகங்களும் செய்கிற தொழிற்சாலையில், ஏற்றுமதிப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முதல்தடவை வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பப்போகிறவர்கள் என்னிடம் கப்பல் கம்பெனியைப் பற்றிக் கேட்பார்கள், வாடகையைக் கேட்பார்கள், எத்தனை நாளாகும் என்று கேட்பார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது சாதாரண நாற்பதடி உலர்சரக்குப் பெட்டியையும், அதைவிட ஓரடி உயரமான ஹைக்யூபையும் பற்றி.

முதலில் அளவு. உள்நீளம் 12 மீட்டருக்குச் சற்று மேல், உள்அகலம் 2.35 மீட்டர். சாதாரணப் பெட்டியில் சுமார் 67 கன மீட்டர் பிடிக்கும், ஹைக்யூபில் சுமார் 76. காலிப்பெட்டியே நாலு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும். இதில் என் பெரிய மனத்தாங்கல் அந்த அகலம். சரக்கை அடுக்கித் தூக்குகிற மரத்தட்டைப் பேலட் என்போம்; 1.2 மீட்டர் பேலட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 2.4 மீட்டர் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. ஒன்றை நெடுக்கிலும் ஒன்றைக் குறுக்கிலும் திருப்பி வைத்து, நடுவில் விழுகிற சந்தில் காற்றுப்பையைச் சொருகி ஊதி அடைக்க வேண்டியிருக்கிறது. காரணம் தேடிப் போனால் அமெரிக்க நெடுஞ்சாலையில் போய் நிற்கும். அந்தக் காலத்தில் அங்கே லாரி எட்டடி அகலத்துக்கு மேல் போகக்கூடாது. பெட்டியைக் கண்டுபிடித்தவரே ஒரு லாரிக்காரர் என்பதால், அந்தச் சாலையின் அளவு பெட்டியின் அளவாகி, இன்று உலகத்தின் அளவாகிவிட்டது.

அந்த லாரிக்காரர் மால்கம் மெக்லீன். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை அடுக்கி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டையும் பீப்பாயுமாக ஆள் வைத்து ஏற்றுகிற செலவோடு ஒப்பிட்டால், பெட்டியில் ஏற்றுகிற செலவு டன்னுக்கு முப்பத்தாறில் ஒரு பங்காக இறங்கியது என்று கணக்கு சொல்கிறது. அதற்கு முன்னால் சரக்குக் கப்பல் கடலில் இருந்த நாளுக்குச் சமமாகத் துறைமுகத்திலும் கட்டிக் கிடந்தது. ஆக, அவர் கப்பலை வேகமாக்கவில்லை. கட்டிக் கிடக்கிற நாட்களைத்தான் வெட்டினார்.

பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மூலையைக் காட்டுவேன். மேலே நாலு, கீழே நாலு என்று எட்டு எஃகு வார்ப்புகள், ஒவ்வொன்றிலும் நீள்வட்டத் துளை. பெட்டியைப் பிடித்துத் தூக்குகிற கிரேனின் சட்டமான ஸ்ப்ரெடர் இறங்கும்; அதன் மூலையிலுள்ள திருகுபூட்டான ட்விஸ்ட்லாக் துளைக்குள் நுழைந்து கால்வட்டம் திரும்பும்; அவ்வளவுதான், முப்பது டன் எழும்பிவிடும். லாரி, ரயில், கப்பல் எல்லாவற்றிலும் அதே துளை, அதே பூட்டு. இந்த மூலை அமைப்பின் காப்புரிமையை மெக்லீனின் கம்பெனி எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தது. 1960-களில் உலகத் தரம் அமைந்தது அதனால்தான். அன்றைக்கு அதைப் பூட்டி வைத்திருந்தால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு கிரேன் என்று ஆகியிருக்கும். நான் தினமும் வார்ப்பைப் பார்க்கிறவன். இந்த மூலை வார்ப்பைப் போல் உலகத்துக்கு உழைத்த வார்ப்பு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

கடலில் இந்தப் பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இப்போது ஓடுகிற பெரிய கப்பல்கள் 400 மீட்டர் நீளம். இருபதடிக் கணக்கில் 24,000 பெட்டிகள் சுமக்கும். அத்தனை பெட்டிக்கு நடுவில் என் ஒரு பெட்டி இன்னும் ஆயிரம் கடல்மைல் கூடுதலாகப் போனாலும் பங்குக்கு வருகிற செலவு சொற்பம். கடலில் தூரம் கிட்டத்தட்டக் கணக்கிலேயே இல்லை. எனக்குத் தலைவலி எப்போதும் குறுகலான இடங்களில்தான்.

2021 மார்ச்சில் எங்கள் பெட்டிகள் இரண்டு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. கப்பல் எங்கே போகிறது என்று கைபேசி வரைபடத்தில் பார்ப்பது என் காலைப் பழக்கம். 24-ஆம் தேதி பார்க்கிறேன், புள்ளி சூயஸ் வளைகுடாவில் நிற்கிறது. மறுநாளும் அங்கேயே. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் புள்ளிகள். 23-ஆம் தேதியே 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கியிருந்தது. 29-ஆம் தேதிதான் மீட்டார்கள். ஆறு நாள் அடைப்பு. ஆனால் எங்கள் சரக்கு வாங்கியவர் கைக்குப் போனது பத்தொன்பது நாள் தாமதமாக. நின்ற கப்பல் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் துறைமுகங்களில் போய்க் குவிந்ததுதான் காரணம். செயற்கைக்கோள், வரைபடம், மின்னஞ்சல் எல்லாம் கையில் இருந்தன. நிற்கிறது என்பதை நொடிக்கு நொடி தெரிந்துகொண்டேன். நகர்த்த ஒரு வழியும் இல்லை.

அப்புறம் 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. செங்கடலின் தென்வாசலான பாப் எல்-மன்டேப் நீரிணை முப்பது கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. அதை விட்டு விலகி, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடும். 1497-இல் கிளம்பிய வாஸ்கோ ட காமா சுற்றிய அதே முனைதான். அதே 2023-இல் பனாமாவில் மழை பொய்த்தது. அந்தக் கால்வாய் கப்பலைக் கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கிற கட்டூன் ஏரிக்குத் தூக்கி, மறுபக்கம் இறக்கிவிடுகிற ஏணி. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஏரியின் நன்னீர் கடலில் போய்க் கலக்கிறது. ஏரி வற்றியதும், நாளுக்கு 36 கப்பல் போகிற இடத்தில் டிசம்பரில் 22 என்று குறைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொறியியல் ஒரு பருவமழையை நம்பி நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடலில் இப்படி அவ்வப்போதுதான் சிக்கும். தரையில் அது நித்தியப் பிரச்சினை. கம்பாலாவில் எங்களிடம் பம்பு வாங்குகிற ஒருவர் இருக்கிறார். உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. பெட்டி கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி, அங்கிருந்து ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மொம்பாசா வரை இரண்டு வாரம், அங்கிருந்து மூன்று வாரம் என்றுதான் அவருக்குத் தேதி சொல்வேன். பெருங்கடலைத் தாண்டியதைவிட எல்லையைத் தாண்ட அதிக நாள். மலபா எல்லையில் லாரி வரிசை. இந்தப் பக்கம் ஒரு சுங்கம், அந்தப் பக்கம் ஒரு சுங்கம், ஒரே காகிதத்தை இரண்டு முறை காட்ட வேண்டும்.

இன்று அப்படி இல்லை. சரக்கு மொம்பாசாவில் இருக்கும்போதே உகாண்டாவுக்குரிய வரியைக் கட்டிவிடலாம். கதவில் மின்னணுப் பூட்டு மாட்டி, பெட்டி எங்கே நிற்கிறது, யாராவது திறந்தார்களா என்று கென்யா, உகாண்டா இரண்டு நாட்டு அதிகாரிகளும் பார்க்கிறார்கள். மலபாவில் ஒரே இடத்தில் இரண்டு நாட்டுச் சோதனையும் முடிகிறது. ஒரு வாரத்துக்குள் கம்பாலா சேர்ந்த பெட்டிகள் உண்டு. சாலை ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை, காத்திருப்புதான் குறைந்தது. கடல் இல்லாத வளரும் நாடுகள் என்று ஐ.நா. கணக்கில் 32 இருக்கின்றன. அந்த நாடுகளில் இருந்து ஆர்டர் வந்தால் நான் வரைபடத்தில் தூரத்தை அளப்பதில்லை. எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள் என்றுதான் எண்ணுவேன்.

ரயில் வழியிலும் பெட்டியின் அருமை தெரியும். கென்யாவில் மொம்பாசாவிலிருந்து நைவாஷா வரை தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர் உள்ள புதிய பாதை. அதற்கு மேல் உகாண்டா போகிறது பழைய மீட்டர்கேஜ். சீனாவும் கஜகஸ்தானும் சேர்கிற எல்லையில், கோர்கோஸில் 1,435-லிருந்து 1,520-க்கு மாற வேண்டும். ரயில் மாறும், பெட்டி மாறாது. கிரேன் தூக்கி அடுத்த வண்டியில் வைத்துவிடும், நான் போட்ட சீல் அப்படியே இருக்கும். மூட்டையாக இருந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றி, கிழிந்ததும் காணாமல் போனதும் எத்தனையோ.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

வேலைக்கு வந்த நாலாவது வருடம் பம்பின் வார்ப்பிரும்பு உறைகளை மரக்கிரேட்டில் (மரச்சட்டப் பெட்டியில்) வைத்து அனுப்பினேன். வெளிச்சச் சோதனையில் பெட்டி தேறியது. போய்த் திறந்தபோது மேல்வரிசை முழுக்கத் துரு. ஓட்டை இல்லாத பெட்டிக்குள் எப்படித் தண்ணீர் வந்தது என்று பல நாள் குழம்பினேன். தண்ணீர் மரத்திலிருந்து வந்திருக்கிறது. பகலில் பெட்டி சூடாகும்போது மரத்தின் ஈரம் காற்றில் ஏறும். இரவில் கூரை குளிர்ந்ததும் அதிலேயே திவலையாகப் பிடித்து, மழை மாதிரி சொட்டும். மரத்தில் முத்திரை இருந்தது. அதனால் காய்ந்த மரம் என்று நினைத்துவிட்டேன். அந்த முத்திரை பூச்சிக்கானது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். காய்ந்ததா என்பதற்கு அது பொறுப்பில்லை. அன்றிலிருந்து ஈரமானி வைத்து மரத்தைக் குத்திப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை. ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரோரம் தொங்கவிடுகிறேன், இரும்பைத் துருத்தடுப்புத் தாளில் சுற்றுகிறேன். வெவ்வேறு தட்பவெப்பத்தைத் தாண்டிப் போகிற இரும்புப் பெட்டிக்கு இது உடன்பிறந்த குணம். நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு குறை, இது திரும்பி வர வேண்டிய பொருள். சரக்கு ஒரு பக்கமாக அதிகம் போனால் காலிப்பெட்டி அந்தப் பக்கமே தேங்கிவிடும். 2020 கடைசியிலும் 2021-இலும் அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டி குவிந்து கிடக்க, ஆசியாவில் பெட்டிக்கு அலைந்தார்கள். பம்பு தயார், கப்பலில் இடம் தயார், பெட்டி இல்லாமல் நான் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன். கடல் இல்லாத நாட்டுக்கு அனுப்பும்போது இது இன்னும் கடுமை; பெட்டியைக் காலி செய்து துறைமுகத்தில் ஒப்படைக்கக் கொடுக்கிற இலவச நாட்கள் சாலையிலேயே கரைந்துவிடும், பிறகு டிடென்ஷன் என்கிற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கூடுதல் நாளை முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெட்டி எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. கனமான சரக்கு என்றால் நாற்பதடி வேண்டாம். இருபதடிக்கும் நாற்பதடிக்கும் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் ஒன்றுதான். இருபதடிப் பெட்டியின் சொந்த எடை குறைவு என்பதால் அதில்தான் அதிக டன் ஏற்றலாம். வார்ப்புகள் மட்டும் போனால் நான் இருபதடிதான் எடுப்பேன். மோட்டார் பொருத்திய பம்பு, பிளாஸ்டிக் பாகம் மாதிரி இடம் அடைக்கிறவற்றுக்கு நாற்பதடி ஹைக்யூப். எடையைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த எடை கொடுக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலக விதி. கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள், தரைப்பலகையை முகர்ந்து பாருங்கள். முன்னே என்ன சரக்கு போனது என்று வாசனை சொல்லிவிடும்.

கதவைச் சாத்துவதற்கு முன் நான் இன்னொன்றும் செய்வேன். கடைசி வரிசைக் கிரேட்டுகளின் குறுக்கே சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிடுவேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. போன மாதம் கம்பாலாக்காரர் கதவைத் திறந்ததும் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். கடல், இரண்டு நாட்டுச் சாலை, நாலு கிரேன் எல்லாம் தாண்டி கோடு அப்படியே இருந்தது. மூன்றாவது கிரேட்டில் மட்டும் ஒரு விரற்கடை விலகல். அந்த இடத்தில் காற்றுப்பை கொஞ்சம் இளைத்திருக்கும். அடுத்த லோடில் அங்கே இரண்டு பை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.