ரூஜ் பள்ளத்தாக்கா, குரோதர்ஸ் உட்ஸா?

ரொறன்ரோவில் காட்டுப் பள்ளத்தாக்கு நடைக்கு இரண்டில் எது என்று குழம்புகிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, ஆகவே செலவை விட்டுவிடலாம்.

போக: நகரின் கிழக்கே ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ரூஜ் பக்கம், விலங்குக் காட்சிசாலைக்கு அருகிலேயே தடங்கள் தொடங்குகின்றன. குரோதர்ஸ் உட்ஸ் நகர நடுவில், டொன் பள்ளத்தாக்கில். பொட்டரி வீதியால் இறங்கலாம்.

அளவு: ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 79 சதுர கிலோமீட்டர். குரோதர்ஸ் சுமார் 52 ஹெக்டேர், அதாவது அரைச் சதுர கிலோமீட்டர்தான்.

தடம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். ரூஜின் மாஸ்ட் தடம் நடப்பவர்களுக்கு. ஒரு காலத்தில் மரம் வெட்டி இழுத்த பாதை அது. குரோதர்ஸில் நடப்பவர், ஓடுபவர், மலைச் சைக்கிள்காரர் எல்லோருக்கும் ஒரே ஒற்றையடி மண்பாதை. வளைவில் திடீரென்று சைக்கிள் வரும், அதனால் காதில் பாட்டு வேண்டாம். மழை பெய்த மறுநாள் அங்கே போகவே வேண்டாம். சேற்றில் மிதித்தால் பாதை அகன்று, ஓரச் செடிகள் சாகும்.

உண்ணி: கோடையில் இரண்டிலும் நீளக் காற்சட்டைதான். ரூஜில் இன்னும் கவனம், வீட்டுக்கு வந்ததும் கால்களைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள், அம்மம்மாவோடு என்றால் ரூஜ், அதிலும் ஏற்றம் குறைந்த தடமாகப் பார்த்து. சைக்கிள் வைத்திருக்கும் பதின்ம வயதினருக்குக் குரோதர்ஸ். வேலை முடிந்து ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, வீடும் நகர நடுவில்தான் என்றாலும் அதுவே சரி.